பவுடர் போட்ட வீட்டுக்காரி

அன்பு மகனுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய சம்மதப் படிவத்தை மூன்று முறை படித்தேன். என் முகத்தையும் குரலையும் உருவத்தையும் உலகம் முழுவதும், எல்லாக் காலத்துக்கும், இப்போதுள்ள ஊடகங்களிலும் இனி கண்டுபிடிக்கப்படப்போகும் ஊடகங்களிலும் பயன்படுத்த நான் முழு மனதோடு ஒப்புக்கொள்ள வேண்டுமாம். உன் அப்பாவைக் கல்யாணம் செய்துகொண்டபோதுகூட இவ்வளவு பெரிய வாக்குறுதியை யாரும் என்னிடம் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை வீடியோவை வெளியிட வேண்டும், அதற்குள் கையெழுத்து வேண்டும் என்கிறாய். நீ போனில் கேட்கும்போதெல்லாம் "பார்க்கலாம்" என்று சொல்லி வைத்துவிடுகிறேன். என்னுடைய "பார்க்கலாம்" என்றால் என்ன அர்த்தம் என்று முப்பது வருடமாக உனக்குத் தெரியும். இந்த முறை அது எனக்கே தெரியவில்லை. எழுதிப் பார்த்தால் தெரியுமோ என்று எழுதுகிறேன். என் முகத்தை நீ உலகத்துக்கே காட்டப்போவதால் இந்தக் கடிதத்தையும் யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம். உன் குழுவில் தமிழ் படிக்கத் தெரியாதவர்களுக்கு நீயே படித்துச் சொல்.

மற்றவர்களும் படிக்கலாம் என்பதால் நடந்ததை முதலிலிருந்தே சொல்கிறேன். உன் நண்பர்கள் தமிழையும் கன்னடத்தையும் கலந்து ராப் பாடுகிறார்கள். நீ அதற்கு வீடியோ எடுக்கிறாய். இந்த முறை பாட்டு, பெங்களூரில் வீடு கிடைக்காதவர்களைப் பற்றியது. ஆப்பிரிக்க மாணவர் ஒருவர் வாடகைக்கு வீடு கேட்டு வருகிறார். வீட்டுக்காரி அவரைப் பார்த்ததும் கத்திக் கேட்டைச் சாத்துகிறாள். பாட்டின் பின்பாதியில் அவர் யார், என்ன படிக்கிறார், எப்படிச் சிரிக்கிறார் என்பதெல்லாம் தெரியவருகிறது. பார்க்கிறவர்கள் வெட்கப்பட வேண்டும். அதுதான் கதை என்று எனக்கு விளக்கினாய். பிறகு, வீட்டுக்கு நம் பொம்மனஹள்ளி வீட்டையும் வீட்டுக்காரிக்கு என்னையும் கேட்டாய். "ஏன்டா, நடிகை யாரும் கிடைக்கலையா?" என்றேன். "கிடைச்சாங்கம்மா. அவங்க வரும்போது கேட்டையும் கொண்டு வர மாட்டாங்களே" என்றாய். சிரித்துவிட்டேன். சிரித்ததை நீ சம்மதமாக எடுத்துக்கொண்டாய். பள்ளிக்கூடத்தில் இருபத்தெட்டு வருடம் சமூக அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவளை ஒரு வேலைக்குக் கூப்பிட்டால், அது கெட்டவள் வேலை என்றாலும், சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

படப்பிடிப்பன்று காலையில் மேக்கப் போடும் பெண் ஷில்பா என்னை நாற்காலியில் உட்கார வைத்துக் கழுத்தில் துண்டைக் கட்டினாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு உன்னைப் பார்த்தாள். நீ தலையாட்டினாய். அந்தத் தலையாட்டலை நான் கண்ணாடியில் பார்த்தேன் என்பது உனக்குத் தெரியாது. "ஆன்ட்டி, ஸ்வல்ப லைட் மாட்தீனி, அஷ்டே" என்றாள். கொஞ்சம் வெளுப்பாக்குகிறேன், அவ்வளவுதான் என்கிறாள். அரை மணி நேரத்தில் முகம், கழுத்து, கை, முழங்கை வரை வேறொருத்தியாகிவிட்டேன். எதற்கு என்று உன்னைக் கேட்டேன்.

"பிரேம்ல கான்ட்ராஸ்ட் வேணும்மா. நீயும் டார்க், அவரும் டார்க்குன்னா ஆடியன்ஸுக்குப் புரியாது."

"என்ன புரியாது?"

"யாரு யாரை வேணாங்கறாங்கன்னு."

உன் அப்பா காப்பி எடுத்துக்கொண்டு வந்தவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். "யாரு இது, நம்ம ஆடுகோடி ஓனரம்மா மாதிரியே இருக்கே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆடுகோடி ஓனரம்மாவை அறிந்தவர்கள் அங்கே நாங்கள் இரண்டு பேர்தான். நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை.

அந்த அம்மாவைப் பற்றி உனக்குச் சொன்னதில்லை. கோலார் தங்கவயலில் சுரங்கம் படுத்துக்கொண்ட சமயத்தில் நானும் அப்பாவும் கல்யாணமான புதிதில் பெங்களூருக்கு வந்தோம். ஆடுகோடியில் ஒரு பட்டறைக்குப் பின்னால் ஓர் அறையும் சமையலறையும் கிடைத்தன. பெங்களூரில் யாரும் நம் ஜாதியைக் கேட்டதில்லை. என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்பார்கள். எந்த ஊர் என்று கேட்பார்கள். தங்கவயல் என்றால் அங்கே எந்தத் தெரு என்று கேட்பார்கள். இத்தனைக்கும் பதில் சொன்ன பிறகு ஜாதியைக் கேட்கவேண்டிய அவசியம் அவர்களுக்கு இருக்காது. நாங்கள் குடிவந்த மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை கறி சமைத்தேன். திங்கட்கிழமை அந்த அம்மா வந்தார். சிவந்த மேனி, மஞ்சள் பூசிய முகம், மிக மென்மையான குரல். "நிம்ம ஜன ஒள்ளேவ்ரே" என்று ஆரம்பித்தார். உங்கள் ஆட்கள் நல்லவர்கள்தான் என்கிறார். ஆனால் ஊரிலிருந்து அவருடைய தம்பி வருகிறானாம், வீடு வேண்டுமாம். தட்டில் இரண்டு வாழைப்பழம் வைத்துக் கொடுத்தார். காலி செய்த பிறகும் நான்கு மாதம் அந்தப் பக்கமாகத்தான் பஸ்ஸுக்கு நடந்தேன். பூட்டு அப்படியே தொங்கியது. தம்பி வரவேயில்லை. அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். வாழைப்பழம் கொடுத்தவரிடம் எப்படிச் சண்டை போடுவது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சரி, படப்பிடிப்புக்கு வருகிறேன். மாணவராக நடிக்க வந்தவர் டேவிட். உகாண்டாக்காரர், இங்கே பார்மசி படிக்கிறார். வந்ததும் என்னிடம் "ஊட்ட ஆய்தா, ஆன்ட்டி?" என்று கன்னடத்தில் சாப்பிட்டாயிற்றா என்று கேட்டார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். அதைக் கழற்றச் சொல்லிக் கை இல்லாத பனியனும், நாய்ச் சங்கிலித் தடிமனில் ஒரு தங்கச் சங்கிலியும், வீட்டுக்குள்ளும் கழற்றாத கறுப்புக் கண்ணாடியும் கொடுத்தீர்கள். அவர் உடம்பில் யாரோ ஸ்ப்ரே பாட்டிலால் தண்ணீர் தெளித்தார்கள். வியர்வை வேண்டுமாம். நல்ல குளிர், எனக்குச் சால்வை போட்டுக்கொள்ளத் தோன்றியது. ஷாட்டுக்கு நடுவே நானும் அவரும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். நான் வெள்ளையாக, அவர் ஈரமாக. எந்த ஊர் என்று கேட்டேன். ஜிஞ்சா என்றார். நைல் நதி ஏரியிலிருந்து புறப்படும் இடம். இருபத்தெட்டு வருடம் ஒவ்வொரு பிள்ளையையும் வரைபடத்தில் அந்த இடத்தில் நீலப் பென்சிலால் கோட்டைத் தொடங்கச் சொன்னவள் நான். அங்கே ஆட்கள் இருப்பார்கள், அவர்களில் ஒருவர் நம் படிக்கட்டில் உட்காருவார் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

"இந்தச் சங்கிலியோட எங்க அம்மா என்னைப் பார்த்தா, படிப்பை விட்டுட்டேன்னு நினைச்சுப்பாங்க" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

"பின்பாதியில் கழற்றிடுவீங்களாமே" என்றேன்.

"ஆமா ஆன்ட்டி. முதல்ல அவங்க என்ன எதிர்பார்க்கறாங்களோ அப்படி நிக்கணும், அப்புறம் அதை உடைக்கணும்னு உங்க மகன் சொன்னார். எனக்கு இது நாலாவது வீடியோ. முதல் மூணுலயும் எதிர்பார்த்த மாதிரி நின்னேன். அதுங்கள்ல பின்பாதியே இல்ல."

குறை சொல்லவில்லை அவர். மழை வரும் என்று சொல்வதுபோலத்தான் சொன்னார்.

பிறகு என் ஷாட். நீ எழுதிக் கொடுத்தது: "உங்கள மாதிரி ஆளுங்களுக்கு இங்க வீடு கிடையாது, போ வெளிய." கத்த வேண்டும், கேட்டை அறைந்து சாத்த வேண்டும். ஒரே டேக்கில் முடித்துவிட்டேன். கேமராக்காரர் "ஆன்ட்டி, செம நேச்சுரல்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். டேவிட்டும் தட்டினார். என் ஆசிரியர் வாழ்க்கையில் எந்தப் பள்ளி ஆய்வாளரும் என்னைப் பார்த்து அப்படிச் சொன்னதில்லை. உள்ளே போய்த் தண்ணீர் குடித்தேன். சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டேன். குளிர் என்று ஷில்பாவிடம் சொன்னேன்.

மகனே, இனி சொல்வது உனக்குத் தெரியுமா தெரியாதா என்பதுதான் என் குழப்பத்தில் பாதி. நீ பி.யூ.சி. படித்துக்கொண்டிருந்தபோது நம் மேல் போர்ஷன் காலியாக இருந்தது. ஒரு நாள் சாயங்காலம் ஒருவர் போர்டைப் பார்த்துவிட்டு வந்தார். ஆப்பிரிக்கர். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். சட்டைப் பையில் பேனா, கையில் பிளாஸ்டிக் பைல். கல்லூரிச் சான்றிதழ், பாஸ்போர்ட் நகல், முந்தின வீட்டுக்காரர் எழுதிக்கொடுத்த கடிதம் எல்லாம் நான் கேட்பதற்கு முன்பே எடுத்து நீட்டினார். அன்று காலையில்தான் ஒன்பதாம் வகுப்புக்கு நிறவெறிப் பாடம் நடத்தியிருந்தேன். அந்தப் பாடத்தில் ஒரு பத்தி வரும்போது ஒவ்வொரு வருடமும் என் குரல் கம்மும். அன்றும் கம்மியது. சாயங்காலம் அந்தக் குரலிலேயே அவரிடம், "சாரி தம்பி, ஊர்ல இருந்து என் தம்பி குடும்பத்தோட வர்றான், வீடு அவனுக்கு வேணும்" என்றேன். எனக்குத் தம்பி கிடையாது என்பது உனக்குத் தெரியும். வெயிலில் வந்திருக்கிறீர்களே, தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்டேன். அவர் குடித்தார். தம்ளரைக் கழுவி வைக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். நன்றி சொல்லிப் போய்விட்டார். எந்த நாடு என்று நான் கேட்கவில்லை. பாஸ்போர்ட் நகல் என் கையில்தான் இருந்தது, அதையும் பார்க்கவில்லை. வாடகை போர்டை அன்றே கழற்றியிருக்க வேண்டும். அதுகூடத் தோன்றாமல் இரண்டு மாதம் கேட்டில் தொங்கவிட்டேன். அவர் கல்லூரிப் பேருந்து நம் தெருமுனையில்தான் நிற்கும்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால், உண்மையில் எனக்குத் தெரியாது. டி.வி.யில் போதைப்பொருள் என்று காட்டியிருப்பார்கள். பக்கத்து வீட்டார் என்ன சொல்வார்களோ என்று நினைத்திருப்பேன். வயதுவந்த பிள்ளை வீட்டில் இருக்கிறான் என்று உன்மேல்கூடப் பழியைப் போட்டிருப்பேன். நான் படித்த புத்தகங்கள் அலமாரியில் இரண்டு வரிசை இருக்கின்றன. அவற்றில் ஒன்றுகூட அந்த ஐந்து நிமிடத்தில் கீழே இறங்கி வரவில்லை. இறங்கி வந்தது ஆடுகோடி அம்மாவின் வாக்கியம்தான். எங்களுக்கு அவர் சொன்ன பொய்யைத் தேய்மானம் இல்லாமல் பாதுகாத்து வைத்திருந்து, என்னைவிடக் கறுப்பான ஒருவர் வந்ததும் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

அன்று நீ வீட்டில் இருந்தாயா? அப்பாவைக் கேட்டேன். "அவன் டியூஷன்ல இருந்தான்" என்கிறார். எனக்கு நீ மாடியில் இருந்ததுபோல ஒரு ஞாபகம். டியூஷனில் இருந்தாய் என்றால், ஒரு நல்ல பாட்டுக்கு இலவசமாகக் கிடைக்கும் அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறாய், அவ்வளவுதான். மாடியில் இருந்தாய் என்றால், பன்னிரண்டு வருடம் கழித்து என்னை அதே கேட்டில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறாய். முதலாவது என்றால் நான் உன்னிடம் இதைச் சொல்லியே ஆக வேண்டும். இரண்டாவது என்றால் நீ என்னிடம் கேட்டிருக்க வேண்டும். எது என்று தெரியாமல் எந்த முகத்தோடு கையெழுத்துப் போடுவது?

படப்பிடிப்புக்குப் பிறகு, விஷயம் புரியாமல் பேசக்கூடாது என்று, இரண்டு வாரம் உட்கார்ந்து மியூசிக் வீடியோக்களாகப் பார்த்தேன். நோட்டுப் போட்டுக் குறிப்பும் எடுத்தேன், பழக்கம் விடவில்லை. வடக்கே எடுத்தவற்றில் தென்னிந்தியர் என்றால் வேட்டியை மடித்துக்கட்டித் தென்னைமரத்தடியில் ஆடுகிறார். நாம் எடுத்தவற்றில் வடக்கே இருந்து வந்தவர் என்றால் பான் போட்டுக்கொண்டு பெயிண்ட் அடிக்கிறார். இரு தரப்பாரும் எடுத்தவற்றில் ஆப்பிரிக்கர் என்றால் காருக்குப் பக்கத்தில் கை கட்டி நிற்கிறார். நம் தங்கவயலில் சுரங்கக் கழிவைக் கொட்டிய சயனைடு மண்மேட்டில் எடுத்த வீடியோ ஒன்றில் இருபது பேர் முகத்தில் கரி பூசிக்கொண்டு மெதுவாக நடந்து வந்தார்கள். உன் தாத்தாக்கள் இருவரும் அந்தச் சுரங்கத்தில் இறங்கியவர்கள். தங்கச் சுரங்கத்தில் கரி ஏது? சாம்பல் நிறப் பாறைத்தூளில் வெளுத்துப்போய்த்தான் மேலே வருவார்கள். அந்த வீடியோ நம் பையன்கள் எடுத்தது. நம்மைப் பற்றிக் கோபமாகப் பாடுகிற பாட்டு, நன்றாகவும் இருந்தது. கறுப்பாக இருக்கிறவர்கள்மேல் மேலும் கறுப்பைப் பூசினால்தான் நம் கோபம் கேமராவில் தெரியும்போல. வெளிநாட்டு வீடியோக்களும் பார்த்தேன். தங்களை இழிவாகக் காட்டிய உடைகளையே போட்டுக்கொண்டு, அதே உடையில் சிம்மாசனத்தில் ஏறி உட்கார்ந்து பாடுகிறார்கள். பார்க்கும்போது புல்லரித்தது. அடுத்த வீடியோவில் அதே உடை, அதே சிம்மாசனம், ஆனால் ஷூ விளம்பரம்.

எனவே உன் வழி தவறு என்று சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை, தெளிவும் இல்லை. சங்கிலி இல்லாமல் வெள்ளைச் சட்டையோடு காட்டினால் யாரும் பார்க்கவே மாட்டார்கள் என்கிறாய், உண்மையாக இருக்கலாம். நீ அனுப்பிய எடிட்டை அப்பாவிடம் காட்டினேன். அரை நிமிடம் பார்த்தார். அதற்குள் கேஸ் சிலிண்டர் வந்தது, எழுந்து போய்விட்டார். திரும்பி வந்தவரிடம் கதை என்ன என்று கேட்டேன். "யாரோ ரௌடிப் பையன் வீடு கேக்கறான். ஓனரம்மா தரமாட்டேங்கறா. நியாயம்தானே?" என்றார். "ஓனரம்மா நான்தாங்க" என்றேன். "அது தெரியும். உன்னை எதுக்கு இப்படிச் சுண்ணாம்பு அடிச்சு வச்சிருக்கான்?" என்றார். பின்பாதியைப் பார்க்கச் சொன்னேன். கடைசி வரை பார்த்தார். "இது நல்லா இருக்கு. இதை முதல்ல வைக்கச் சொல்லு" என்றார். சிலிண்டர் வராத வீடுகளில் உன் வீடியோ நன்றாகவே வேலை செய்யும் என்று நினைக்கிறேன்.

ஆனால் என் முகத்தைப் பற்றி மட்டும் எனக்குக் கொஞ்சம் தெரியும். நீ எடுத்ததில் வீட்டுக்காரி வெளுத்த பெண், காசுக்காரி, வாயாடி. இப்படி ஒருத்தியைப் பார்த்தால் எல்லோருக்கும் நிம்மதி. கெட்டவள் யார் என்று உடனே தெரிந்துவிடுகிறது, அது தானில்லை என்பதும் தெரிந்துவிடுகிறது. அதைப் பார்த்து நம் தெருவில் யாரும் வெட்கப்பட மாட்டார்கள். நானே முதல் முறை பார்த்தபோது, "சீ, என்ன பொம்பளை இவள்" என்றுதான் நினைத்தேன். எனக்கு அதில் வசதியும் இருக்கிறது, மறைக்கவில்லை. அந்தப் பவுடரோடு வெளியிட்டால் என்னை யாருக்கும் அடையாளம் தெரியாது. என்னிடம் படித்த பிள்ளைகள் ஓசூர் ரோடு முழுக்க இருக்கிறார்கள், மருந்துக்கடையில், பஸ்ஸில், பேங்க்கில். என் சொந்த முகத்தோடு அந்தக் கேட்டில் நின்றால் "டீச்சர், நீங்களா?" என்று எவனாவது கேட்பான். நடிப்புத்தான்டா என்று சொல்லலாம். சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. இரண்டு நாளாக அதை நினைத்துக்கொண்டுதான் படிவத்தை மூடி மூடி வைக்கிறேன்.

உனக்கு நான் அறிவுரை சொல்லும் காலம் போய்விட்டது. சொன்ன காலத்திலும் நான் நடந்துகாட்டியது வேறு. ஆனாலும் அம்மா என்ற முறையில் ஒன்று. புரியாது என்று நீ சொன்னாயே, கறுத்த பெண் கறுத்த மனிதனுக்குக் கதவைச் சாத்துவது பார்க்கிறவர்களுக்குப் புரியாது என்று. எனக்கும் புரியவில்லை. பன்னிரண்டு வருடமாகப் புரியவில்லை. புரியாததை அப்படியே காட்டினால் உன் பாட்டு கெட்டுப்போகுமா என்பதை யோசி. கெட்டுப்போகும் என்றால் சொல்லிவிடு, கேட்டுக்கொள்கிறேன்; அது உன் தொழில்.

இந்த வீடியோவில் இருக்கும் அந்த அம்மாளுக்காக நான் கையெழுத்துப் போட மாட்டேன். எனக்காகப் போடுகிறேன். வியாழக்கிழமை காலை கேமராவோடு வா. ஷில்பா வந்தால் காப்பி சாப்பிட்டுவிட்டுப் போகட்டும், பெட்டியைத் திறக்க வேண்டாம். டேவிட்டை அந்த வெள்ளைச் சட்டையிலேயே வரச்சொல், பைலோடு. அதற்கு முன் இந்தக் கடிதத்தை அவரிடம் ஆங்கிலத்தில் சொல்லி, இப்படி ஒருத்தியின் எதிரில் நிற்க அவருக்குச் சம்மதமா என்று கேள். அவர் மாட்டேன் என்றால் அதோடு விட்டுவிடு, பழைய காட்சியையும் சேர்த்து. சம்மதம் என்றால், நான் கத்த மாட்டேன். கேட்டையும் அறைய மாட்டேன். அவர் நீட்டுகிற காகிதங்களை வாங்கிக்கொண்டு, சிரித்த முகத்தோடு, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டு, என் தம்பியைப் பற்றிச் சொல்வேன். ஒரே டேக்கில் வருமா என்று தெரியாது. பத்து மணிக்கு முகம் கழுவிக்கொண்டு வாசலில் நிற்கிறேன்.

உன் அம்மா